விண்ணப்பப் படிவத்தில் பிழைச் செய்தியை எங்கே, எப்போது, எப்படிக் காட்டுவது?

உம்கேனிக்கரை

வணக்கம். டர்பனில் ஒரு சங்கத்தின் கல்வி உதவித்தொகைக்கான இணைய விண்ணப்பம் இது. பிஎச்பி 8.2, ஃபிரேம்வொர்க் இல்லை, ஜாவாஸ்கிரிப்ட் கொஞ்சம். தமிழிலும் ஆங்கிலத்திலும் பெயர், குடும்பப்பெயர், 13 இலக்க அடையாள எண், பிறந்த தேதி, கைபேசி, மின்னஞ்சல், மெட்ரிக் (பள்ளி இறுதித் தேர்வு) சான்றிதழின் ஸ்கேன் ஆகியவற்றைக் கேட்கிறோம்.

ஏதாவது தவறாக இருந்தால் இப்போது பக்கத்தின் உச்சியில் "படிவத்தில் பிழை உள்ளது" என்று சிவப்பில் ஒரு வரி வரும், அவ்வளவுதான். அனுப்பும் பொத்தான் அடியில் இருப்பதால் கைபேசியில் அந்த வரி கண்ணில் படுவதே இல்லை. நிரப்பியவையும் அழிந்துவிடுகின்றன. பிரவுசரே காட்டும் குமிழிச் செய்தி போதுமா, நாமே எழுத வேண்டுமா? எழுதினால் எந்த இடத்தில், எந்த நேரத்தில் காட்டுவது?

டோங்காட்_நிரலர்

தம்பி, முதலில் நிரப்பியவை அழிவதை நிறுத்துங்கள். அதைச் சரிசெய்யாமல் பிழைச் செய்தியை எவ்வளவு அழகாக எழுதினாலும் பயன் இல்லை. எல்லாக் கட்டத்தையும் மறுபடி நிரப்பச் சொன்னால் பாதிப் பேர் போனை மூடிவிட்டுச் சங்க அலுவலகத்துக்குத்தான் வருவார்கள்.

தவறு இருக்கும்போது வேறு பக்கத்துக்குத் திருப்பிவிடாமல் அதே படிவத்தை 422 என்ற நிலைக் குறியோடு திரும்ப அனுப்புங்கள். வந்த மதிப்புகளை ஒவ்வொரு கட்டத்தின் வேல்யூவிலும் போட்டுவிடுங்கள். எல்லாம் சரியாக இருந்து டேட்டாபேஸில் ஏறிய பிறகு மட்டும் 303 கொடுத்து நன்றிப் பக்கத்துக்கு அனுப்புங்கள். அப்போது ரிஃப்ரெஷ் செய்தாலும் விண்ணப்பம் இரண்டாவது தடவை பதிவாகாது. திரும்பப் போடும் மதிப்பு ஒவ்வொன்றும் எச்டிஎம்எல் ஸ்பெஷல்சார்ஸ் (சிறப்புக் குறிகளைப் பாதுகாப்பான வடிவுக்கு மாற்றும் பிஎச்பி செயற்கூறு) வழியாகப் போக வேண்டும். பிஎச்பி 8.1இலிருந்து அது ஒற்றை மேற்கோளையும் தானாகவே மாற்றிவிடும். பழைய பதிப்பில் அதற்குத் தனியாகச் சொல்ல வேண்டியிருந்தது.

குமிழியைப் பற்றி: பிரவுசர் செய்வது இரண்டு வேலை. ஒன்று சோதிப்பது, மற்றொன்று காட்டுவது. சோதிக்கும் பகுதி நன்றாக இருக்கிறது, அதை வைத்துக்கொள்ளுங்கள். காட்டும் பகுதியை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். ரிக்வயர்ட் (கட்டாயம்), டைப் (வகை), பேட்டர்ன் (எழுத வேண்டிய வடிவம்) எல்லாவற்றையும் கட்டத்தில் எழுதிவிட்டு, பக்கம் ஏறியதும் ஜாவாஸ்கிரிப்டால் படிவத்துக்கு நோவேலிடேட் (பிரவுசரின் குமிழியைத் தடுக்கும் பண்பு) சேர்த்துவிடுங்கள். ஸ்கிரிப்ட் ஓடாத போனில் குமிழியாவது வரும். ஓடினால் உங்கள் செய்தி வரும். சப்மிட் நிகழ்வில் ஒவ்வொரு கட்டத்தின் வேலிடிட்டி பொருளைப் பாருங்கள்: வேல்யூமிஸ்ஸிங் (காலி), டைப்மிஸ்மேட்ச் (வகை தவறு), பேட்டர்ன்மிஸ்மேட்ச் (வடிவம் தவறு), பேட்இன்புட் (பிரவுசருக்குப் புரியாத உள்ளீடு) என்று எது உண்மையோ அதற்கேற்ற வாக்கியத்தைக் கட்டத்துக்குப் பக்கத்தில் எழுதுங்கள்.

சர்வரில் இதே சோதனைகள் முழுதாக மறுபடியும் இருக்க வேண்டும். பிரவுசரில் நடப்பது பயனருக்கான வசதி மட்டும். அதை நம்பி டேட்டாபேஸைத் திறந்துவைக்கக் கூடாது.

நேட்டால்_கரும்பு

நாலு கட்டத்துக்கு எதற்கு இவ்வளவு? குமிழி இலவசம். கர்சரைத் தானே தப்பான கட்டத்துக்குக் கொண்டுபோகிறது. ஸ்கிரீன் ரீடரும் (கண் தெரியாதவர்களுக்குத் திரையைப் படித்துக் காட்டும் மென்பொருள்) படிக்கிறது. நாமே எழுதப் போனால் அதில் ஒன்றைக் கண்டிப்பாக விட்டுவிடுவோம். தொடர்புப் படிவம், செய்திமடல் சந்தா மாதிரிச் சின்ன வேலைக்குக் குமிழியே போதும் என்பது என் கருத்து.

டோங்காட்_நிரலர்

தொடர்புப் படிவத்துக்குச் சரி. இவருடையது அது இல்லையே, அண்ணா. குமிழியில் எனக்கு இருக்கும் தடைகள் இவை. ஒரு நேரத்தில் ஒரு கட்டத்தைத்தான் சொல்லும். ஐந்து தவறு என்றால் ஐந்து தடவை பொத்தானை அழுத்த வேண்டும். சில நொடிகளில் மறைந்துவிடும். பக்கம் தமிழில் இருந்தாலும் பிரவுசரின் மொழியில்தான் பேசும், இங்கே அது பெரும்பாலும் ஆங்கிலம். எழுத்தளவு, நிறம், இடம் எதுவும் நம் கையில் இல்லை.

செட்கஸ்டம்வேலிடிட்டி என்ற அழைப்பில் தமிழ் வாக்கியத்தைப் போட்டு மொழிப் பிரச்சினையைத் தீர்க்கலாம். ஆனால் அங்கே ஒரு பொறி இருக்கிறது. ஒரு தடவை செய்தி போட்டால், வெற்று வாக்கியம் கொடுத்து அழிக்கும்வரை அந்தக் கட்டம் தவறானதாகவே இருக்கும். பயனர் சரியாகத் திருத்திய பிறகும் படிவம் போகாது. இன்புட் நிகழ்வில் அழித்துவிட்டுப் பிறகுதான் மறுபடி சோதிக்க வேண்டும்.

இன்னொன்று: ஸ்கிரிப்டிலிருந்து படிவத்தை அனுப்பும்போது சப்மிட் என்ற அழைப்பைப் பயன்படுத்தினால் பிரவுசர் எதையும் சோதிக்காது, சப்மிட் நிகழ்வும் கிளம்பாது. ரிக்வெஸ்ட்சப்மிட் என்பதுதான் பொத்தானை அழுத்தியது போல நடந்துகொள்ளும்.

செவிவழி

நேட்டால் அண்ணா சொன்ன கவலை நியாயமானது. நாமே எழுதும்போது அதிகம் விட்டுப்போவது கண் தெரியாதவர்களுக்கு வேண்டியவைதான். ஆகவே அமைப்பை முழுதாகவே எழுதிவிடுகிறேன்.

ஒவ்வொரு கட்டத்திலும் மேலிருந்து கீழாக: லேபல், குறிப்பு, பிழைச் செய்தி, அதன் பிறகு கட்டம். செய்தியைக் கட்டத்துக்கு அடியில் வைக்கும் பழக்கம் அதிகம். ஆனால் போனில் விசைப்பலகையோ தானியங்கி நிரப்பல் பட்டியலோ எழுந்து அதை மறைத்துவிடும். பிரிட்டன் அரசின் டிசைன் சிஸ்டமும் செய்தியைக் கட்டத்துக்கு மேலேதான் வைக்கிறது.

பிழைச் செய்திக்கு ஓர் ஐடி கொடுத்து, கட்டத்தின் ஏரியா-டிஸ்க்ரைப்ட்பை என்ற பண்பில் (கட்டத்தோடு சேர்த்து எந்த வரியைப் படிப்பது என்று ஸ்கிரீன் ரீடருக்குச் சொல்வது) குறிப்பின் ஐடியையும் பிழையின் ஐடியையும் இடைவெளி விட்டு எழுதுங்கள். தவறு இருக்கும்போது மட்டும் ஏரியா-இன்வேலிட் (கட்டம் தவறு என்று சொல்லும் பண்பு) 'ட்ரூ'. பக்கம் திறந்தவுடனேயே காலிக் கட்டங்களுக்கெல்லாம் அதைப் போட்டுவிடாதீர்கள். போட்டால் ஒவ்வொரு கட்டத்தையும் "தவறு" என்று சொல்லியே வரவேற்கும். ஏரியா-எர்ரர்மெசேஜ் என்று தனிப் பண்பு ஒன்று உண்டு, ஸ்கிரீன் ரீடர்கள் அதை ஒரே மாதிரி ஆதரிப்பதில்லை. டிஸ்க்ரைப்ட்பையே நம்பகமானது.

அனுப்பிய பிறகு தவறு வந்தால் படிவத்தின் உச்சியில் ஒரு தொகுப்புப் பெட்டி வேண்டும். அதில் "3 இடங்களைத் திருத்த வேண்டும்" என்ற தலைப்பு. அதன் கீழே ஒவ்வொரு தவறும் அந்தந்தக் கட்டத்துக்குப் போகும் இணைப்பாக இருக்கட்டும். வாக்கியம் கட்டத்தின் பக்கத்தில் இருப்பதோடு எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்க வேண்டும். பெட்டிக்கு டேப்இண்டெக்ஸ் -1 கொடுத்து ஃபோக்கஸை (கர்சர் நிற்கும் இடத்தை) அங்கே நகர்த்துங்கள். கண் தெரிந்தவருக்குத் திரை மேலே போகும், தெரியாதவருக்கு உடனே படித்துக் காட்டும். பிரவுசர் தாவலில் தெரியும் பக்கத் தலைப்பின் முன்னால் "பிழை:" என்று சேர்த்தால், சர்வரிலிருந்து பக்கம் திரும்பி வந்த நொடியிலேயே காதில் விழும்.

ரோல் அலெர்ட்டை (உடனே குறுக்கிட்டுப் படிக்கச் சொல்லும் பண்பு) ஒவ்வொரு செய்திக்கும் போடாதீர்கள். ஐந்து செய்தியும் ஒரே நேரத்தில் முட்டிக்கொண்டு கடைசி ஒன்றுதான் கேட்கும். கட்டத்தை விட்டு வெளியேறும்போது காட்டும் செய்திக்கு அது இன்னும் மோசம். ஃபோக்கஸ் அடுத்த கட்டத்துக்குப் போயிருக்கும், அதன் பெயரைப் படித்துக்கொண்டிருக்கும் குரலை இது வெட்டிவிடும். அங்கே ஏரியா-லைவ் 'பொலைட்' (நடப்பதைப் படித்து முடித்த பிறகு சொல்வது) போதும். அந்தக் காலிப் பெட்டி பக்கத்தில் முதலிலிருந்தே இருக்க வேண்டும். செய்தியோடு சேர்த்துப் புதிதாகச் செருகினால் பல நேரம் படிக்காது.

நிறம்: வெள்ளைப் பின்னணியில் தூய சிவப்பு (255, 0, 0) சுமார் 4:1 வேறுபாடுதான் தரும். டபிள்யூசிஏஜி (இணைய அணுகல்தன்மை வழிகாட்டி) சாதாரண எழுத்துக்குக் கேட்பது 4.5:1. (176, 0, 32) போன்ற அடர் சிவப்பு 7:1ஐத் தாண்டும். சிவப்பு விளிம்பு மட்டும் போதாது. "பிழை" என்ற சொல்லோ குறியோ கூடவே இருக்க வேண்டும்.

உம்கேனிக்கரை

மிக்க நன்றி. தொகுப்புப் பெட்டியும் பக்கச் செய்தியும் போட்டாயிற்று. கட்டத்தை விட்டு வெளியேறும்போது சோதிக்கும்படி வைத்திருக்கிறேன். ஒரு விநோதம்: கடைசிக் கட்டத்தில் தவறாக எழுதிவிட்டு அனுப்பும் பொத்தானை அழுத்தினால் முதல் அழுத்தில் ஒன்றும் நடப்பதில்லை. இரண்டாவது அழுத்தில்தான் போகிறது. கன்சோலில் பிழை எதுவும் இல்லை.

டோங்காட்_நிரலர்

இது பலரும் தேடி அலையும் ஒன்று. மவுஸை அழுத்தியதும் கட்டம் ஃபோக்கஸை இழக்கிறது. உங்கள் பிளர் நிகழ்வு ஓடிப் பிழைச் செய்தியைச் செருகுகிறது. செய்தியின் உயரத்துக்குப் பொத்தான் கீழே இறங்குகிறது. விரல் எடுக்கும்போது சுட்டி பொத்தானின் மேல் இல்லை. அழுத்தியது ஓரிடம், விட்டது வேறிடம் என்றால் பிரவுசர் அதைக் கிளிக்காகக் கருதாது.

தீர்வு இரண்டு. செய்திக்கு முன்கூட்டியே ஒரு வரி உயரம் ஒதுக்கிவைக்கலாம். ஆனால் தமிழ் வாக்கியம் போனில் இரண்டு வரியாக மடியும், அப்போது மறுபடி அதே கதை. நான் பரிந்துரைப்பது இரண்டாவது: பிளர் நிகழ்வில் ரிலேட்டட்டார்கெட் (ஃபோக்கஸ் அடுத்துப் போகும் இடம்) அனுப்பும் பொத்தான் என்றால் அங்கே சோதிக்காமல் விட்டுவிடுங்கள். எப்படியும் சப்மிட்டில் எல்லாம் சோதிக்கப்படும். சஃபாரியில் மட்டும் கவனம்: பொத்தானை மவுஸால் அழுத்தினால் அது ஃபோக்கஸ் பெறாது, ஆகவே ரிலேட்டட்டார்கெட் காலியாக வரும். பொத்தானின் பாயிண்டர்டவுன் நிகழ்வில் ஒரு கொடி ஏற்றிவைத்து, பிளரில் அந்தக் கொடியைப் பாருங்கள். அது எங்கும் வேலை செய்யும்.

எப்போது காட்டுவது என்பதற்கு என் விதி: முதல் தடவை எழுதிக்கொண்டிருக்கும்போது வாய் திறக்காதீர்கள். கட்டத்தை விட்டு வெளியேறும்போது சொல்லுங்கள். ஏற்கெனவே பிழை காட்டிய கட்டத்தைத் திருத்தும்போது ஒவ்வொரு எழுத்துக்கும் சோதித்து, சரியான நொடியில் செய்தியை எடுத்துவிடுங்கள். காலியாக விட்டுத் தாண்டிப்போன கட்டத்துக்குப் பிளரில் "கட்டாயம்" என்று கத்த வேண்டாம், அவர் திரும்பி வரலாம். அதைச் சப்மிட்டில் சொன்னால் போதும்.

சிஎஸ்எஸ்ஸில் இன்வேலிட் என்ற பழைய தேர்வியைக் கொண்டு விளிம்பைச் சிவப்பாக்கியிருந்தால் எடுத்துவிடுங்கள். பக்கம் திறந்ததுமே எல்லாம் சிவக்கும். யூசர்-இன்வேலிட் என்பது பயனர் தொட்ட பிறகுதான் செயல்படும். 2023 இறுதியிலிருந்து முக்கியப் பிரவுசர்கள் எல்லாவற்றிலும் இருக்கிறது.

எல்லாக் கட்டமும் சரியாகும்வரை பொத்தானை மங்கலாக்கி வைப்பது வேண்டவே வேண்டாம். ஏன் அழுத்த முடியவில்லை என்று யாருக்கும் தெரியாது.

லெனேசியா_7

அடையாள எண்ணைப் பற்றி யாரும் பேசவில்லையே. அதில்தான் அதிகம் தவறும்.

முதலில் டைப் நம்பர் போட்டிருந்தால் மாற்றுங்கள். 2000 முதல் 2009 வரை பிறந்தவர்களின் எண் சுழியத்தில் தொடங்கும். உங்கள் விண்ணப்பதாரர்கள் எல்லாரும் ஏறக்குறைய அந்த வயதுதான். சர்வரிலோ ஸ்கிரிப்டிலோ அதை எண்ணாக மாற்றினால் முன்சுழியம் போய்விடும், 13 இலக்கம் 12, 11 அல்லது 10 ஆகும். மவுஸ் சக்கரம் உருண்டால் மதிப்பு மாறும் வாய்ப்பும் உண்டு. டைப் டெக்ஸ்ட், இன்புட்மோட் நியூமெரிக், அதுதான் சரி. டேட்டாபேஸிலும் எழுத்துச்சரமாகவே வையுங்கள்.

எண்ணின் அமைப்பு: முதல் 6 இலக்கம் பிறந்த ஆண்டு, மாதம், நாள். அடுத்த 4 வரிசை எண், 5000க்குக் கீழ் பெண், அதிலிருந்து மேலே ஆண். 11ஆவது இலக்கம் குடியுரிமை, 0 என்றால் குடிமகன், 1 என்றால் நிரந்தரக் குடியிருப்பாளர். 13ஆவது லூன் முறையில் வரும் சரிபார்ப்பு இலக்கம்.

லூன் கணக்கு: இடமிருந்து 2, 4, 6, 8, 10, 12ஆவது இலக்கங்களை இரட்டியுங்கள். 9ஐத் தாண்டினால் 9ஐக் கழியுங்கள். மற்ற இலக்கங்களை அப்படியே கூட்டுங்கள். மொத்தம் 10ஆல் மீதியின்றி வகுபட வேண்டும். 9913400000084 என்று ஓர் எண்ணை எடுத்துக்கொள்வோம். இரட்டித்த பகுதி 9+6+0+0+0+7 = 22, மற்றவை 9+1+4+0+0+0+4 = 18, மொத்தம் 40. லூன் சரி. ஆனால் 13ஆவது மாதம் 40ஆம் தேதி என்று ஒரு நாள் கிடையாது. தேதியைத் தனியாகச் சோதிக்க வேண்டும் என்பதற்காகவே இந்த எண்ணைக் கட்டினேன். இப்படி ஓர் எண் யாருக்கும் இருக்க முடியாது, சோதனைக்குத் தைரியமாகப் பயன்படுத்தலாம்.

சோதனைகளின் வரிசையும் செய்தியும் வேறுவேறாக இருக்கட்டும். இடைவெளிகளை நீக்கிவிட்டு நீளம் பாருங்கள்: "அடையாள எண்ணில் 13 இலக்கம் இருக்க வேண்டும். நீங்கள் எழுதியதில் 12 இருக்கிறது." நீளம் சரி, தேதி தவறு: "முதல் 6 இலக்கம் பிறந்த தேதியாக இருக்க வேண்டும். அட்டையைப் பார்த்து மறுபடி எழுதுங்கள்." இரண்டும் சரி, லூன் தவறு: "ஏதோ ஓர் இலக்கம் மாறியிருக்கிறது. அட்டையோடு ஒப்பிட்டுப் பாருங்கள்." எந்த இலக்கம் என்று லூனால் சொல்ல முடியாது, ஆகவே ஊகிக்காதீர்கள். பக்கத்துப் பக்கத்து இலக்கங்கள் இடம் மாறினால் பெரும்பாலும் பிடிக்கும், 09ஐ 90 என்று எழுதினால் மட்டும் பிடிக்காது.

ஆண்டு இரண்டு இலக்கம்தான் என்பதால் நூற்றாண்டு தெரியாது. அதை வைத்து வயதைக் கணக்கிட்டு யாரையும் தள்ளிவிடக் கூடாது. பாலினம் ஒத்துவரவில்லை என்பதையும் பிழையாகக் காட்டாதீர்கள்.

அப்புறம், அடையாள எண் வாங்கும்போது பிறந்த தேதியைத் தனியாக எதற்குக் கேட்கிறீர்கள்? ஒரு கட்டம் குறைந்தால் ஒரு பிழையும் குறையும். நூற்றாண்டுதான் சிக்கல் என்றால் ஆண்டை மட்டும் கேளுங்கள்.

உம்கேனிக்கரை

பிறந்த தேதியை எடுத்துவிட்டேன், நல்ல யோசனை. அடையாள எண் இல்லாதவர்களுக்கு?

லெனேசியா_7

பாஸ்போர்ட் என்று ஒரு ரேடியோ பொத்தான். அதைத் தேர்ந்தால் வேறு கட்டம் திறக்கட்டும். மறைந்திருக்கும் கட்டத்துக்கு டிஸேபிள்ட் (கட்டத்தைச் செயலிழக்க வைக்கும் பண்பு) போட மறக்காதீர்கள். ரிக்வயர்ட் உள்ள கட்டம் சிஎஸ்எஸ்ஸால் மட்டும் மறைந்திருந்தால் பிரவுசர் அதில் ஃபோக்கஸ் வைக்க முடியாமல் படிவத்தையே நிறுத்திவிடும். திரையில் ஒன்றும் தெரியாது, குரோமின் கன்சோலில் மட்டும் "ஃபோக்கஸ் வைக்க முடியாத கட்டம்" என்ற பொருளில் ஒரு வரி வரும். பல பக்கமாகப் பிரித்த படிவங்களிலும் இதேதான் நடக்கும்.

போர்ட்லூயிஸ்_வாசி

மொரீஷியஸிலிருந்து. தமிழ்ப் பெயர் கட்டத்தில் என்ன பேட்டர்ன் வைத்திருக்கிறீர்கள்? "எழுத்து மட்டும்" என்ற யூனிகோடு வகையை மட்டும் அனுமதித்திருந்தால் ஒரு தமிழ்ப் பெயரும் தேறாது. புள்ளியும் கொம்பும் காலும் யூனிகோடில் எழுத்து வகை இல்லை, 'எம்' என்று தொடங்கும் குறி வகை. அதையும் சேர்க்க வேண்டும். ஆங்கிலப் பெயரில் இடைவெளி, சிறுகோடு, மேற்கோள்குறி மூன்றையும் விடுங்கள். போன் விசைப்பலகை நேர் மேற்கோளுக்குப் பதிலாக வளைந்த மேற்கோளைத் தானே போடும், அதுவும் வேண்டும்.

பேட்டர்னில் சிறுகோட்டுக்கு முன் பின்சாய்வு போடுங்கள். இப்போதைய பிரவுசர்கள் பேட்டர்னைப் புதிய 'வி' முறையில் படிக்கின்றன. சதுர அடைப்புக்குள் சிறுகோடு வெறுமனே இருந்தால் முழு பேட்டர்னும் செல்லாது என்று கன்சோலில் எழுதிவிட்டு, சோதனையே இல்லாதது போல எல்லாவற்றையும் உள்ளே விடும்.

நீளம்: "தமிழ்ச்செல்வி" நமக்கு 7 எழுத்து. கணினிக்கு 13 குறியீடு, யூடிஎஃப்-8இல் 39 பைட். மேக்ஸ்லெங்த் (நீள வரம்பு) 10 என்று வைத்தால் பெயர் நடுவில் நின்றுவிடும். அதைவிட மோசம், ஒட்டும்போது மிச்சத்தைச் சத்தமில்லாமல் வெட்டிவிடும், பிழைச் செய்தியே வராது. மேக்ஸ்லெங்தை எடுத்துவிட்டு, நீளத்தை நீங்களே சோதித்துச் செய்தியாகச் சொல்லுங்கள். சர்வரில் ஸ்டர்லென் பைட்டை எண்ணும், எம்பி_ஸ்டர்லென் குறியீட்டை எண்ணும். நாம் நினைக்கும் எழுத்தை எண்ண கிராஃபீம்_ஸ்டர்லென் வேண்டும், அதற்கு இண்டல் நீட்சி நிறுவியிருக்க வேண்டும்.

ஒகர, ஓகார உயிர்மெய்களை ஒரே குறியாகவும் எழுதலாம், கொம்பும் காலும் தனித்தனியாகவும் எழுதலாம். கண்ணுக்கு ஒன்று, டேட்டாபேஸுக்கு இரண்டு. சேமிக்கும் முன் என்எஃப்சி என்ற ஒருமைப்படுத்திய யூனிகோடு வடிவத்துக்கு மாற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் பின்னால் பெயரைத் தேடும்போது கிடைக்காது.

குடும்பப்பெயரைக் கட்டாயமாக்கியிருக்கிறீர்களா? ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவர்கள் அங்கே புள்ளியோ கோடோ போட்டுவைப்பார்கள். "குடும்பப்பெயர் இல்லை" என்று ஒரு டிக் பெட்டி வையுங்கள்.

கைபேசி எண்ணில் இடைவெளி, கோடு, அடைப்புக்குறி எல்லாம் பயனர் எழுதட்டும். அவற்றை நீக்குவது நம் வேலை, அவருக்குச் செய்தி காட்டும் காரணம் இல்லை. தென்னாப்பிரிக்க எண் 0வில் தொடங்கி 10 இலக்கம், அல்லது +27க்குப் பிறகு 9. எங்கள் ஊர் கைபேசி +230க்குப் பிறகு 8 இலக்கம். பெற்றோர் வெளிநாட்டில் இருக்கலாம் என்றால் +ல் தொடங்கும் எதையும் இலக்க எண்ணிக்கை மட்டும் பார்த்து விட்டுவிடுங்கள்.

மின்னஞ்சல்: டைப் ஈமெயில் புள்ளி இல்லாத முகவரியையும் சரி என்று சொல்லும். @ குறிக்குப் பிறகு "ஜிமெயில்" என்று மட்டும் இருந்தால் போதும், உள்ளே விட்டுவிடும். "டாட் காம் விட்டுப்போயிற்றா?" என்று கேட்கலாம். ஆனால் அதைத் தடுக்கும் பிழையாக இல்லாமல் எச்சரிக்கையாக, வேறு நிறத்தில் வைப்பேன்.

நேட்டால்_கரும்பு

இவ்வளவு தூரம் வந்தாயிற்று, நானும் என் பங்குக்கு ஒன்று. செய்திகளை ஒரே வார்ப்பில் எழுதி, கட்டத்தின் பெயரை நடுவில் செருகும் பழக்கம் ஆங்கிலத்திலிருந்து வந்தது. தமிழில் அது ஒட்டாது. "[கட்டம்]ஐ எழுதுங்கள்" என்று வார்ப்பு வைத்தால் "பெயர்ஐ எழுதுங்கள்", "எண்ஐ எழுதுங்கள்" என்று வரும். பெயரை, எண்ணை, முகவரியை என்று ஒவ்வொன்றும் வேறு மாதிரிப் புணரும். நிரலில் சந்தி விதி எழுத உட்காராதீர்கள். ஏழெட்டுக் கட்டம்தானே, ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு தவறுக்கும் முழு வாக்கியமாக ஒரு கோப்பில் எழுதிவிடுங்கள். முப்பது வரிகூட வராது. வார்ப்புதான் வேண்டும் என்றால் "கைபேசி எண்: எழுதப்படவில்லை" என்று முக்காற்புள்ளி போட்டுப் பெயரைத் தொடாமல் விடுங்கள்.

"செல்லுபடியாகாத உள்ளீடு" மாதிரி வாக்கியம் எதையும் சொல்வதில்லை. என்ன தப்பு, என்ன செய்ய வேண்டும், இரண்டும் வேண்டும். "தயவுசெய்து", "மன்னிக்கவும்" எல்லாம் தேவையில்லை, இடம்தான் அடைக்கும்.

இரண்டு மொழியையும் ஒரே செய்தியில் அடுக்காதீர்கள். இங்கே பல பிள்ளைகள் தமிழைப் பேசக் கேட்டுப் புரிந்துகொள்வார்கள், படிக்கத் தடுமாறுவார்கள். மேலே மொழி மாற்றும் பொத்தான் வைத்து, பக்கத்தின் லேங் (மொழியைச் சொல்லும்) பண்பையும் சேர்த்து மாற்றுங்கள். மாற்றும்போது நிரப்பியவை போகக் கூடாது.

செவிவழி

லேங் பண்பு சரியாக இல்லாவிட்டால் ஸ்கிரீன் ரீடர் தமிழ்ச் செய்தியை ஆங்கிலக் குரலால் படிக்கப் பார்த்து, பல நேரம் எழுத்தை விட்டுவிட்டு மௌனமாகிவிடும். நேட்டால் அண்ணா சொன்னதில் அது சின்ன விஷயம் இல்லை.

உம்கேனிக்கரை

எல்லாம் வரிசையாக ஏற்றிவருகிறேன். புதிதாக ஒன்று: சிலர் எல்லாக் கட்டமும் நிரப்பி, சான்றிதழையும் இணைத்து அனுப்பினால், சர்வர் எல்லாக் கட்டமும் காலி என்று சொல்கிறது. தொகுப்புப் பெட்டியில் எட்டுப் பிழை. சின்னக் கோப்பு வைத்தால் சரியாகப் போகிறது.

போர்ட்லூயிஸ்_வாசி

காரணம் போஸ்ட்_மேக்ஸ்_சைஸ், ஒரு தடவை அனுப்பக்கூடிய மொத்த அளவின் வரம்பு. பிஎச்பியின் இயல்பு அளவு 8 எம்பி. அனுப்பிய மொத்தம் அதைத் தாண்டினால் பிஎச்பி கோப்பை மட்டும் விடுவதில்லை, போஸ்ட், ஃபைல்ஸ் இரண்டு வரிசையையுமே காலியாகக் கொடுக்கும். உங்கள் சோதனை எல்லாம் காலி என்று நம்புகிறது. இப்போதைய போன் கேமராவில் எடுத்த இரண்டு படம் சேர்ந்தால் 8 எம்பி எளிதாகத் தாண்டும்.

சோதனைகளுக்கு முன்னால் இதைப் பாருங்கள்: முறை போஸ்ட், போஸ்ட் வரிசை காலி, கண்டெண்ட்-லெங்த் வரம்புக்கு மேல். அப்படியானால் எட்டுப் பிழைக்குப் பதில் "கோப்பு மிகப் பெரியது, 5 எம்பிக்குள் இருக்க வேண்டும்" என்று ஒன்றே ஒன்று. அப்லோட்_மேக்ஸ்_ஃபைல்சைஸ் (ஒரு கோப்பின் வரம்பு) இயல்பாக 2 எம்பி. அதைத் தாண்டி போஸ்ட் அளவுக்குள் இருந்தால் மற்றக் கட்டங்கள் வரும், கோப்பின் பிழைக் குறி 1 என்று வரும். அதற்கும் அதே செய்தி. இரண்டு அளவையும் உயர்த்துங்கள், போஸ்ட் அளவு எப்போதும் பெரியதாக இருக்கட்டும். பிரவுசரிலும் கோப்பைத் தேர்ந்த உடனே அதன் அளவைப் பார்த்துச் சொல்லிவிடலாம். டேட்டா விலைக்கு 9 எம்பி ஏற்றி முடித்த பிறகு மறுப்பது கொடுமை.

இன்னொன்று: கோப்புக் கட்டத்தில் மட்டும் பழைய மதிப்பைத் திரும்பப் போட முடியாது, பாதுகாப்புக்காகப் பிரவுசர் விடாது. வேறு கட்டத்தில் தவறு என்றாலும் கோப்பு போய்விடும். நல்ல கோப்பு வந்தவுடன் சர்வரில் தற்காலிகமாக வைத்து, ஒரு அடையாளச் சொல்லை மறை கட்டத்தில் அனுப்பி, "சான்றிதழ் வந்து சேர்ந்தது, மாற்ற வேண்டுமானால் மட்டும் மறுபடி தேர்ந்தெடுங்கள்" என்று காட்டுங்கள்.

லெனேசியா_7

அந்தத் தற்காலிகக் கோப்பு வெப் ஃபோல்டருக்கு வெளியே இருக்கட்டும். ஒரு நாளில் அழியும்படி வையுங்கள். அடையாள எண்ணும் சான்றிதழும் பாப்பியா என்ற தென்னாப்பிரிக்கத் தனிப்பட்ட தகவல் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் தனிப்பட்ட தகவல். 2013இன் 4ஆம் எண் சட்டம், 2021 ஜூலை 1இலிருந்து முழுதாக அமலாக்கத்தில் இருக்கிறது. பிழை லாகில் "அடையாள எண் தவறு" என்று எழுதலாம், எண்ணையே எழுதக் கூடாது. படிவத்தின் முறை கெட் ஆக இருந்தால் எண் முகவரிப் பட்டையிலும் சர்வர் லாகிலும் ஏறிவிடும்.

"இந்த அடையாள எண் ஏற்கெனவே விண்ணப்பித்துள்ளது" என்ற செய்தியையும் திரையில் காட்டாதீர்கள். யார் வேண்டுமானாலும் பக்கத்து வீட்டுப் பிள்ளையின் எண்ணைப் போட்டு, உதவித்தொகை கேட்டிருக்கிறதா என்று பார்த்துவிடலாம். ஏற்றுக்கொண்டது போலவே நன்றிப் பக்கம் காட்டிவிட்டு, முன்பு பதிவான மின்னஞ்சலுக்கு விவரம் அனுப்புங்கள்.

உம்கேனிக்கரை

கடைசியாக ஒன்று. சிலருக்கு "பாதுகாப்புச் சொல் செல்லாது" என்று வெற்றுப் பக்கம் வருகிறது. சிஎஸ்ஆர்எஃப் டோக்கன் (படிவம் நம் பக்கத்திலிருந்தே வந்தது என்று காட்டும் இரகசியச் சொல்) செஷனில், அதாவது அந்தப் பயனருக்காகச் சர்வர் வைக்கும் நினைவில், இருக்கிறது. மின்சாரம் போய்த் திரும்பிய பிறகு அனுப்பியவர்கள் என்று நினைக்கிறேன்.

டோங்காட்_நிரலர்

பிஎச்பி செஷனின் இயல்பு ஆயுள் 1440 நொடி, அதாவது 24 நிமிடம். மின்வெட்டே வேண்டாம், பீரோவில் சான்றிதழ் தேடவே அவ்வளவு நேரம் ஆகும். செஷன்.ஜிசி_மேக்ஸ்லைஃப்டைமை நாலு மணி நேரம் ஆக்குங்கள். பகிர்வு ஹோஸ்டிங் என்றால் செஷன் கோப்புகளுக்குச் சொந்தமாக ஒரு ஃபோல்டர் வையுங்கள், இல்லாவிட்டால் பக்கத்துத் தளத்தின் துப்புரவு உங்கள் செஷனையும் அழிக்கும்.

டோக்கன் தவறினால் வெற்றுப் பக்கம் காட்டாமல் அதையும் ஒரு படிவப் பிழையாகவே நடத்துங்கள்: எதையும் சேமிக்காமல், வந்த மதிப்புகளோடு படிவத்தைப் புது டோக்கனுடன் திரும்பக் காட்டி, "நேரம் கடந்துவிட்டது. நீங்கள் எழுதியவை அப்படியே இருக்கின்றன, மறுபடி அனுப்புங்கள்" என்று தொகுப்புப் பெட்டியில் எழுதுங்கள். போர்ட்லூயிஸ் சொன்ன 8 எம்பி சோதனை இதற்கு முன்னால் வர வேண்டும். போஸ்ட் காலியாக வந்தால் டோக்கனும் இருக்காது. பெரிய கோப்பு அனுப்பியவருக்கு நேரம் கடந்துவிட்டது என்று தவறான காரணம் போய்ச் சேரும்.

உம்கேனிக்கரை

வரிசையை மாற்றினேன். இப்போது இரண்டு செய்தியும் சரியான இடத்தில் வருகின்றன. பாஸ்போர்ட் கட்டத்துக்கு டிஸேபிள்ட் போடுவது மட்டும் பாக்கி.